மிட்டூவைத் தோண்டலாமா?

"ஆன்ட்டி, ஒரு சின்னப் பொய் சொல்லணும். நீங்கதான் சொல்லணும். அதுவும் சண்டே ஸ்கூல்ல."

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை. போனில் பிரிசில்லா.

பிரிசில்லா எங்கள் தமிழ்ச் சபையில் பாட்டுக் குழுவில் பாடுகிறவள். புனேயில், வாகடில் பதினோராவது மாடியில் வீடு, பக்கத்திலேயே ஐ.டி. வேலை. அவளுடைய எட்டு வயது மகள் ஷெரின் ஞாயிறுதோறும் என் வகுப்பில் முதல் வரிசையில் உட்காருவாள். நான் என்ன சொன்னாலும் 'ஏன்' என்று கேட்பாள். வகுப்புக்கு இப்படி ஒரு பிள்ளை போதும்... ரெண்டு இருந்தால் தாங்காது.

விஷயம் இதுதான். ஷெரின் வளர்த்த லவ் பேர்ட் செத்துப்போய்விட்டது. பெயர் மிட்டூ. பச்சை நிறம். வெள்ளிக்கிழமை பால்கனிப் பூந்தொட்டியில் அதை அடக்கம் செய்திருக்கிறாள். பாட்டுப் பாடி, ஜெபம் பண்ணி, ஐஸ்கிரீம் குச்சியில் சிலுவை செய்து நட்டு... எல்லாம் முறைப்படி. கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒன்று சொல்லியிருக்கிறாள்:

"சண்டே வந்துடும்."

வெள்ளி, சனி, ஞாயிறு. இயேசு உயிர்த்தெழுந்த அதே மூன்றாம் நாள். கணக்கு சரிதானே?

"ஞாயித்துக்கிழமை தோண்டிப் பாப்பேன்னு நிக்கறா ஆன்ட்டி. தோண்டினா என்ன இருக்கும்? அதான்... அதே மாதிரி ஒரு பச்சை பேர்ட் வாங்கிட்டு வந்துட்டேன். காலைல அவ எழுந்திரிக்கறதுக்குள்ள கூண்டுல விட்டுடுவேன். கிளாஸ்ல கேட்டா, 'ஆமா, கர்த்தர் அப்படியும் செய்வார்'னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

"பிரிசில்லா, இது..."

"ஜெபம் பண்ணா நடக்கும்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?"

சுரீர் என்றது. நியாயமான கேள்வி. யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன்.

உங்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இந்தச் சிக்கலில் எனக்கும் பங்கு உண்டு. ஜூன் மாதத்திலிருந்து எங்கள் சண்டே ஸ்கூலில் 'மண்ணும் கர்த்தரும்' என்று ஒரு பாடம் நடத்திக்கொண்டிருக்கிறேன். சர்ச்சுக்குப் பின்னால் ஒரு பழைய டிரம் வைத்திருக்கிறோம். ஆராதனை முடிந்து டீ குடிப்பார்களே, அந்த டீத்தூள், வாழைப்பழத் தோல், போன ஞாயிறு பீடத்தில் வைத்த ரோஜா, சாமந்தி, குருத்தோலை ஞாயிறுக்குப் பிறகு மிஞ்சிப்போன ஓலை... எல்லாம் அதற்குள் போகும். மேலே ஒரு கை மண்.

இயேசு ஐயாயிரம் பேருக்குச் சாப்பாடு போட்டபின் மிச்சத் துணிக்கைகளைச் சேர்க்கச் சொன்னாரே, அந்தக் கதையில்தான் பாடத்தை ஆரம்பித்தேன். "அவ்வளவு பெரிய அற்புதம் செய்தவர், மிஞ்சினதை ஏன் கூடையில் எடுக்கச் சொன்னார்?" என்று கேட்டேன்.

"ஓலா கச்ரா, சுகா கச்ரா பிரிக்கறதுக்கு!" என்றது ஒரு வாண்டு.

புனே பிள்ளைகள் அல்லவா! ஈரக் குப்பை பச்சை டப்பா, காய்ந்த குப்பை நீல டப்பா என்று பால் குடிக்கும்போதே கற்றுக்கொண்டுவிடுகிறார்கள்.

மாதம் ஒருமுறை டிரம்மைக் கிளறிக் காட்டுவேன். முதல் தடவை மூக்கைப் பொத்திக்கொண்டு 'ச்சீ' என்றவர்கள், மூன்றாவது தடவை உள்ளே கையை விட்டார்கள். ரோஜாவைக் காணோம். வாழைத்தோலைக் காணோம். கறுப்பாக, உதிரியாக, மழை பெய்த வாசனையோடு மண் மட்டும் இருந்தது. கூடவே புழு. "இதுவும் கர்த்தரோட வேலைக்காரங்கதான். அவர் ஏழாம் நாள் ஓய்வெடுத்தார். இவங்க இன்னும் எடுக்கலை" என்றேன். பிள்ளைகளுக்கு அந்த வரி ரொம்பப் பிடித்துவிட்டது. புழுக்களுக்குப் பெயர்கூட வைத்தார்கள்.

பூ, இலை, தோல்... ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டேன். உயிர் இருந்து போனவையும் இப்படித்தான் மண்ணாகும் என்கிற அடுத்த பாடத்துக்குப் போகவே இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் ஏதாவது சாக்கு. ஏன் என்று எனக்குத் தெரியும்.

போன வருஷம் என் அண்ணன் ஐசக் இறந்துபோனான்.

புனேயில் வீடு கிடைத்தாலும் கிடைக்கும், கல்லறையில் இடம் கிடைப்பது கஷ்டம். அதனால் எங்களைப் போன்ற பழைய குடும்பங்களுக்குக் குடும்பக் குழிதான். பல வருஷங்களுக்கு முன்னால் அப்பாவை வைத்த அதே குழியைத் திறந்து அண்ணனை வைத்தார்கள். வெட்டின மண் ஓரத்தில் குவிந்திருந்தது. மூன்று பிடி போடுவதற்காகக் குனிந்து அள்ளினேன். கறுப்பாக, உதிரியாக இருந்தது. கையில் ஒரு மண்புழு நெளிந்தது.

அப்பா அங்கே இல்லை. மண்தான் இருந்தது. நல்ல மண்.

பயந்துபோனேன். இத்தனை வருஷமாக 'உயிர்த்தெழுதலும் ஜீவனும்' என்று எத்தனை அடக்க ஆராதனைகளில் பாடியிருப்பேன்! ஒரு பிடி மண் கையில் இருந்தபோது எல்லாம் மறந்துபோயிற்று. அதற்கப்புறம் இந்த ஒரு வருஷமாக எனக்கு ஜெபம் சரியாக வரவில்லை. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன்... எனக்கு வரவில்லை.

பிரிசில்லா போனை வைத்ததும் ஒரு டீ போட்டுக்கொண்டு விஷ்ராந்த்வாடி வீட்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். அண்ணன் இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பான். ஏனென்றால் ஷெரின் இப்போது செய்வதை நாங்கள் சின்ன வயதிலேயே செய்துவிட்டோம்!

அப்போது நாங்கள் இதே புனேயில் கட்கி குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பாவுக்கு ஃபாக்டரியில் வேலை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் என்பதால், அம்மாவுக்குப் பின்கட்டில் நாலு கோழி இல்லாமல் முடியாது. அதில் ஒன்று செவத்தி. சிவப்புக் கோழி. அண்ணன் கூப்பிட்டால் ஓடிவந்து அவன் பாதத்தின் மேல் ஏறி நிற்கும்.

ஒரு பெரிய வியாழன் அன்று செவத்தி செத்துப்போயிற்று. அண்ணனுக்குப் பத்து வயது, எனக்கு ஏழு. அழுதுகொண்டிருந்தவன் திடீரென்று நிமிர்ந்தான்.

"ஏட்டி, இன்னைக்குப் பொதைக்கக் கூடாது. நாளைக்குப் பொதைச்சாத்தான் கணக்கு சரியா வரும்."

ஒரு நாள் முழுக்கச் செவத்தி கட்டிலுக்கடியில் இருந்தது! மறுநாள் பெரிய வெள்ளி; மூன்று மணி நேர மும்மணி ஆராதனை முடிந்து வந்து, அப்பாவின் பழைய துண்டில் சுற்றிப் பின்கட்டில் புதைத்தோம். மேலே ஒரு கல்லையும் உருட்டி வைத்தோம். கல் இல்லாமல் எப்படி? இயேசுவின் கல்லறையிலும் கல் இருந்ததே, தூதன் வந்துதானே புரட்டினான்!

ஈஸ்டர் அன்று விடியற்கால ஆராதனை. அண்ணன் பாடவே இல்லை, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். முடிந்ததும் புதுச் சட்டையோடு ஓட்டம். பின்கட்டில் கல் வைத்தது வைத்தபடி இருந்தது.

"தூதன் லேட்டா வருவாம்ட்டி. நாமளே பொரட்டிருவோம்."

புரட்டினோம். தோண்டினோம். துண்டைப் பிரித்தான்.

விவரிக்க மாட்டேன், நீங்கள் காலைக் காபியோடு படித்துக்கொண்டிருக்கலாம். வெள்ளையாக, எங்கு பார்த்தாலும் நெளிந்தது. அவ்வளவுதான்.

நான் அலறின அலறலில் அம்மா வந்துவிட்டாள். "எந்தக் கோட்டிக்காரப் பயலாவது செத்த கோழியத் தோண்டுவானால?" என்று முதுகில் ரெண்டு வைத்தாள். டெட்டால் தண்ணீரில் குளிப்பாட்டினாள். அப்பா மண்ணைத் தள்ளி மூடினார்.

அண்ணன் அடிக்கு அழவில்லை. என்னைப் பார்த்து ஒன்றே ஒன்று சொன்னான். "எல்லாம் ஒன்னாலதாம்ட்டி. நீ ஜெபம் பண்ணும்போது கண்ணத் தொறந்துட்ட."

திறந்ததென்னவோ உண்மைதான்.

அதற்கப்புறம் அண்ணன் குடும்ப ஜெபத்தில் வாயைத் திறக்கவே மாட்டான். எல்லோரும் 'ஆமென்' சொல்லும்போது சுவரைப் பார்ப்பான். பத்து வயதுப் பையனுக்கு அவ்வளவு கோபம். அப்பா அதட்டிப் பார்த்தார், அம்மா கெஞ்சிப் பார்த்தாள். பயனில்லை.

பிறகு மழை வந்தது. புனே மழைதான் உங்களுக்குத் தெரியுமே... பிடித்தால் விடாது. அம்மா பூசணிக்காய் அரிந்த தண்ணீரை எப்போதும் பின்கட்டில்தான் வீசுவாள். விதை விழுந்திருக்கிறது. கொடி ஒன்று முளைத்தது. முளைத்தது என்றா சொன்னேன்? பாய்ந்தது! தகரக் கூரை மேலே ஏறி, பக்கத்து மராட்டிக்காரர் குவார்ட்டர்ஸ் வரைக்கும் போயிற்று. காய் ஒவ்வொன்றும் இரண்டு கையாலும் தூக்க வேண்டிய அளவு. அம்மா எல்லாரிடமும் பெருமை பேசினாள். கொடி எங்கே வேர்விட்டிருந்தது என்பதை நானும் அண்ணனும் மட்டும்தான் கவனித்தோம்.

அந்த வருஷ அறுப்பின் பண்டிகைக்கு இருந்ததிலேயே பெரிய பூசணிக்காயை அம்மா சர்ச்சுக்குக் கொண்டுபோனாள். ஆராதனை முடிந்ததும் காணிக்கைப் பொருளையெல்லாம் ஏலம் போடுவார்கள். எங்கள் பூசணிக்காய்க்குப் போட்டா போட்டி. கடைசியில் ஒருவர் எடுத்து, "சாயங்கால அசனத்துக்குச் சாம்பார் வைங்க" என்று சபைக்கே கொடுத்துவிட்டார். அசனம் என்றால் சபையார் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும் விருந்து. எல்லாரும் கை தட்டினார்கள்.

அண்ணன் பெஞ்சு மேல் ஏறி நின்றான்.

"அத வெட்டாதிய! அதுக்குள்ள எங்க செவத்தி இருக்கா!"

சபை கொல்லென்று சிரித்தது. அம்மா முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். பாஸ்டரை நாங்கள் ஐயர் என்றுதான் சொல்வோம். அந்த ஐயர் மட்டும் சிரிக்கவில்லை. அண்ணனைக் கூப்பிட்டு, சொல்லு என்றார். அவன் கட்டில் அடியிலிருந்து கல் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னான். அழுதுகொண்டே கடைசியில் ஒரு கேள்வி கேட்டான்.

"கர்த்தர் திரும்பி வரும்போது செவத்தி எங்கயிருந்து எந்திரிப்பா ஐயா? எல்லார் வயித்துலயிருந்துமா?"

இப்போது யாரும் சிரிக்கவில்லை. ஐயர் தாடையைத் தடவினார்.

"எனக்குத் தெரியலடே" என்றார். "ஆனா, அவரு எதையும் வீணாக்க மாட்டாரு. ஒங்க செவத்தியக்கூட வீணாக்கலயே... பாத்தியா, எம்மாம் பெரிய காயி!"

அன்றைக்கு அசனத்தில் அண்ணன் முதலில் சாம்பாரைத் தொடவில்லை. பிறகு ஒரு விரலால் தொட்டு நக்கினான். அப்புறம் இரண்டாம் தரம் வாங்கினான். வீட்டுக்கு வந்து ஜெபத்தில் 'ஆமென்' சொன்னான். எங்கள் வீட்டிலேயே சத்தமான ஆமென் அதுதான்.

போன வருஷம் வரைக்கும் யார் வீட்டில் பூசணிக்காய் சாம்பார் வைத்தாலும், "செவத்தி வந்துட்டாடோய்" என்பான். அவன் மருமகளுக்குப் பல வருஷம் புரியவே இல்லை.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். பிரிசில்லாவிடம் பேச வேண்டும் என்று சீக்கிரமே கிளம்பிப் போனேன். ஆனால் அவள் பறவையை மாற்றிவிட்டுத்தான் சர்ச்சுக்கே வந்திருந்தாள். தூரத்திலிருந்தே கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாள்.

வகுப்பு முடிந்தது. எல்லாப் பிள்ளைகளும் சமோசாவுக்கு ஓடினார்கள். ஷெரின் ஓடவில்லை. டிரம் பக்கத்தில் போய் நின்றாள்.

"என்னம்மா, மிட்டூ வந்துட்டானாமே?" என்றேன். குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவள் சுற்றும்முற்றும் பார்த்தாள். "ஆன்ட்டி, அது மிட்டூ இல்ல. மம்மி வேற பேர்ட் வாங்கிருக்காங்க."

"எப்படிச் சொல்றே?"

"மிட்டூக்கு ஒரு கால்ல ஒரு நகம் கிடையாது. இதுக்கு எல்லாம் இருக்கு. மம்மிகிட்ட கேட்டேன். ஜீசஸ் அதையும் சரி பண்ணிட்டார்னு சொன்னாங்க." மூக்கை உறிஞ்சினாள். "ஆனா ஜீசஸ் எழுந்து வந்தப்போ அவர் கையில காயம் அப்படியே இருந்துச்சே? நீங்கதானே சொன்னீங்க?"

இப்படிப்பட்ட பிள்ளைக்கா நான் பொய் சொல்லவிருந்தேன்?

"மம்மிகிட்ட இதைச் சொன்னியா?"

"நஹீ." தலையை ஆட்டினாள். "மம்மி ரொம்ப ஹாப்பியா இருந்தாங்க. பாவம்ல."

அம்மா பிள்ளைக்காக நடிக்கிறாள், பிள்ளை அம்மாவுக்காக நடிக்கிறது. நடுவில் நான்... சபையின் மூத்த ஆசிரியை!

"மிட்டூ இன்னும் உள்ளதான் இருக்கு. மம்மி தூங்கறப்போ தோண்டிப் பாப்பேன்" என்றாள்.

டிரம் பக்கத்துப் படியில் அவளை உட்காரவைத்தேன். செவத்தி கதையைச் சொன்னேன். அவளுக்குப் புரியும் தமிழில், நடுநடுவே ஹிந்தியில், ஒன்று விடாமல். கல், தூதன், வெள்ளையாக நெளிந்தது, பூசணிக்கொடி, ஏலம், அண்ணன் கேட்ட கேள்வி... எல்லாம். மிட்டூவுக்கும் இப்போது அதுதான் நடந்துகொண்டிருக்கிறது என்பதையும் சொன்னேன். இத்தனை மாதமாகத் தள்ளிப்போட்ட பாடம், அந்தப் படியில் உட்கார்ந்தபடி நடந்துவிட்டது.

அவள் அழுதாள். நிறுத்தச் சொல்லவில்லை, நானும் கூட அழுதுகொண்டிருந்தேனே! பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு ரொம்ப சீரியஸாகக் கேட்டாள்.

"அந்த சாம்பார்ல சிக்கன் டேஸ்ட் வந்துச்சா ஆன்ட்டி?"

"இல்லம்மா. பூசணிக்காய் டேஸ்ட்தான். ரொம்ப நல்லா இருந்துச்சு."

"உங்க அண்ணா இப்போ எங்க?"

"எங்க அப்பாவோட குழியில. மண்ணுக்குள்ள."

"அவரும் இப்படி ஆயிடுவாரா?" டிரம்மைக் காட்டினாள்.

"ஆயிடுவார். ஆயிட்டிருப்பார்."

"அப்புறம் ஜீசஸ் வந்து கூப்பிட்டா?"

'எனக்குத் தெரியலடே' என்ற குரல் அத்தனை வருஷம் தாண்டிக் காதில் கேட்டது. "எப்படின்னு எனக்குத் தெரியாது ஷெரின். ஆனா முதல் மனுஷனையே மண்ணுலதானே பண்ணினார்? அவருக்கு மண்ணு புதுசு இல்ல" என்றேன்.

சொல்லிவிட்டுத்தான் கவனித்தேன், ஒரு வருஷத்தில் முதல் தடவையாக அதை நானும் நம்பினேன்.

ஷெரின் எழுந்து கவுனைத் தட்டிவிட்டாள். தோண்டுவேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. போகும்போது திரும்பி, "நான் மிட்டூ கூட அதோட தினையும் போட்டு வெச்சேன் ஆன்ட்டி. ஒரு பிடி. பூக் லகேகி நா... பசிக்கும்ல" என்றாள்.

சமோசாத் தட்டோடு வந்த பிரிசில்லாவிடம், பொய்க்கு வேலையில்லாமல் போயிற்று என்றேன். மகள் 'பாவம்ல' என்றதையும் சொன்னேன். அவள் அங்கேயே கண் கலங்கி, ஷெரினைத் தேடிக்கொண்டு ஓடினாள். தட்டு என் கையில். இரண்டு சமோசாவையும் நானே சாப்பிட்டேன்.

ஆனால் மனசு வாகடிலேயே இருந்தது. தோண்டியிருப்பாளோ? அண்ணன் மாதிரிச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாளோ? எட்டு வயதுப் பிள்ளையிடம் புழுவைப் பற்றியெல்லாம் பேசியிருக்க வேண்டாமோ? அந்த வாரம் முழுக்க இதே யோசனை. அடுத்த ஞாயிறு வருவார்களா என்பதுகூடச் சந்தேகமாக இருந்தது.

சனிக்கிழமை காலை பிரிசில்லாவின் நம்பரிலிருந்து ஒரு போட்டோ வந்தது. பால்கனித் தொட்டி. சாய்ந்துபோன ஐஸ்கிரீம் குச்சிச் சிலுவை. அதைச் சுற்றிலும் மெல்லிய பச்சைப் பச்சையாக, நெருக்கமாக, தினைப் பயிர்!

கீழே ஒரு வாய்ஸ் மெசேஜ். மூச்சிரைக்கும் குரல். பின்னணியில் புதுப் பறவையின் கிறீச் கிறீச்.

"ஆன்ட்டி! நான் தோண்டவே இல்ல! அதுவாவே வெளிய வந்துடுச்சு!"

எத்தனை முறை கேட்டேன் என்று தெரியாது. கேட்டுவிட்டு, கண்ணை மூடி, அண்ணன் மாதிரியே சத்தமாக ஒரு ஆமென் சொன்னேன். இந்தத் தடவை கண்ணைத் திறக்கவில்லை.

அடுத்த வாரம் கல்லறைக்குப் போகும்போது கைப்பையில் ஒரு பிடி பூசணி விதை இருக்கும். வாட்ச்மேன் கேட்டால், கோழி வளர்க்கிறோம் என்று சொல்லிக்கொள்கிறேன்.